சம்பள வேலையும் வெளிவேலையும்

(அச்சு, விளம்பரத் தொழில்களில் உள்ள இளைஞர்கள் கூடிய கூட்டமொன்றில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம், மாதச் சம்பளத்துக்கு ஓரிடத்தில் முழு நேரமும் டிசைன் வேலை பார்க்கின்ற ஒருவர், அந்த வேலையை விடாமலே வெளியில் நாலு பேருக்கு லோகோ, அழைப்பிதழ், புத்தக அட்டை, விளம்பரம் முதலியவைகளைச் செய்து கொடுத்துப் பணம் வாங்கலாமா, வாங்குவதானால் எந்த முறையில் வாங்குவது என்பதாகும். இதற்குப் பட்டணத்தில் 'பிரீலான்ஸ்' என்று பெயர். நமக்கு 'வெளிவேலை' என்று சொன்னாலே போதும்.

இங்கு வரும் வழியில் ஒரு நண்பர், "இதெல்லாம் ஒரு விஷயமா? பகுத்தறிவுக் கூட்டத்தில் இதைப் போய்ப் பேசுகிறீர்களே" என்று கேட்டார். மற்றொருவன் கொடுக்கும் சம்பளத்தால் நமது நேரத்தில் எவ்வளவு அவனுக்குச் சொந்தமாகிறது, எவ்வளவு நமக்கு மிச்சமிருக்கிறது என்று கணக்குப் பார்ப்பது பகுத்தறிவு இல்லையென்றால் பின் எதுதான் பகுத்தறிவு என்று நாம் அவரைத் திருப்பிக் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. இதோ முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

தோழர்களே! இந்த விஷயத்தைப் பற்றிப் பேச்செடுத்தவுடன் பெரியவர்கள் என்பவர்கள் முதலில் எடுத்து வீசுவது "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்கின்ற பழமொழியேயாகும். அடுத்தபடியாக "உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாமா?" என்பார்கள். நாம் கேட்கின்றோம்: இங்கு உப்பிட்டவர் யார்? உண்ட வீடு எது? முதலாளி நம்மைக் கூப்பிட்டு இலை போட்டு இனாமாகச் சோறு போட்டாரா? காலை ஒன்பதரை மணிக்குப் போய் மாலை ஆறரை மணி வரையில் கண் எரிய எரிய உட்கார்ந்து வேலை செய்து கொடுத்தோம். அதற்குக் கூலி கொடுத்தார். அந்த வேலையை அவர் விற்று, நமக்குக் கொடுத்தது போக மீதியை லாபமென்று எடுத்துக் கொண்டார். இதில் அவர் நமக்கு உப்பிட்டார் என்றால், நாமுந்தான் அவருக்கு உப்பிட்டோம். இருவருக்கும் கணக்கு அன்றன்றைக்கே தீர்ந்து போயிற்று. சம்பளத்தைத் தருமமென்று நினைக்கின்றவன் எவனோ, அவன்தான் ஆறரை மணிக்கு மேலும் தன்னை அடிமையென்று நினைத்துக் கொள்ளுகிறான்.

இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். 2013-ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டத்தில், ஒரே மனிதர் ஒரே சமயத்தில் 20 கம்பெனிகள் வரையில் டைரக்டராக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. அவற்றில் 10 மட்டும் பப்ளிக் கம்பெனிகளாக இருக்கலாமாம். ஆகவே கம்பெனியின் தலையெழுத்தையே நிர்ணயிக்கிறவருக்கு 20 இடத்தில் கவனம் செலுத்த மூளை இடங்கொடுக்கிறது; அதில் துரோகம் எதுவும் இல்லை. அந்தக் கம்பெனிக்குக் கோடு கிழித்துப் படம் போட்டுக் கொடுக்கிறவன் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பலகாரக் கடைக்கு அட்டைப்பெட்டி டிசைன் போட்டால் மட்டும் கவனம் சிதறிப் போகிறதாம்! மேலே உட்கார்ந்தால் ஒரு நியாயம், கீழே உட்கார்ந்தால் ஒரு நியாயம் என்பது நமக்குப் புதிதல்லவே.

2022-ஆம் வருடத்தில் இது தேசம் முழுவதும் பேசப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வருடம் செப்டம்பரில் விப்ரோ கம்பெனியின் தலைவர், போட்டிக் கம்பெனிகளுக்கு நேரடியாக வேலை செய்ததாகக் கண்டுபிடிக்கப்பட்ட 300 பேரை வேலையிலிருந்து நீக்கி விட்டதாகச் சொன்னார். இன்போசிஸ் கம்பெனியார் முதலில் கூடவே கூடாது என்று கடிதம் அனுப்பி, அடுத்த மாதமே, மேலதிகாரியிடம் முன் அனுமதி பெற்றுக் கொண்டு சில்லறை வேலைகள் செய்யலாம் என்று இறங்கி வந்தார்கள். ஸ்விக்கி என்கின்ற, வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வந்து கொடுக்கும் கம்பெனியார் அதற்கு முன்பே, ஆகஸ்டிலேயே, சில நிபந்தனைகளோடு செய்து கொள்ளலாம் என்று சொல்லி விட்டார்கள். மூன்று கம்பெனிகள், மூன்று அபிப்பிராயங்கள். இதிலிருந்து, இது ஏதோ அநாதியான தர்மம் அல்ல, அவரவர் சௌகரியத்துக்கு ஏற்பச் செய்து கொள்ளும் ஏற்பாடுதான் என்பது விளங்கவில்லையா?

ஆனால் அந்த 300 பேருக்கும் நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. பகலில் ஒருவனுடைய இரகசியங்களைக் கையில் வைத்துக் கொண்டு இரவில் அவனுடைய போட்டிக்காரனுக்கு வேலை செய்வதென்றால், அது வெளிவேலை அல்ல. ஒரே சரக்கை இருவருக்கு விற்பதாகும். மளிகைக் கடைக்காரன் அப்படிச் செய்தால் நாம் என்ன சொல்லுவோமோ, அதையே நம் கூட்டத்தான் செய்தாலும் சொல்ல வேண்டும்.

சரி, சட்டம் என்ன சொல்லுகிறது? ரத்தினச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில், ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த அதே நாளில் அந்த ஆளை இன்னொரு தொழிற்சாலையில் வேலை செய்ய விடக்கூடாது என்று ஒரு விதி வைத்தார்கள். அது தொழிலாளியின் உடம்பு கெடாமல் இருப்பதற்காக வைத்ததேயொழிய, முதலாளிக்கு அவன்மேல் பாத்தியதை உண்டாக்குவதற்காக வைத்ததல்ல. இரவில் தன் வீட்டில் உட்கார்ந்து படம் போடுகிறவனை அது பற்றியதும் அல்ல. அவனைக் கட்டுவது வேலையில் சேரும்போது அவன் படிக்காமலே கையெழுத்துப் போட்ட நியமனக் காகிதந்தான். அதில் "வேறு எந்த வேலையும் செய்யமாட்டேன்" என்று இருந்தால், வேலையில் இருக்கின்ற வரையில் அது செல்லும். இப்படிப்பட்ட நிபந்தனை வேலைக்காலத்திற்குள் தொழிலைத் தடுப்பதாகாது என்று 1967-ஆம் வருடத்திலேயே சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பாகியிருக்கிறது. வேலையை விட்ட பிறகும் கட்டுப்படுத்துவதாக எழுதிக் கொண்டால் மட்டும், 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு குறுக்கே வந்து நிற்கும்.

சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு வேறு விதி. மத்திய சர்க்கார் ஊழியருடைய 1964-ஆம் வருடத்து நடத்தை விதிகளின்படி வியாபாரமோ வேறு உத்தியோகமோ செய்வதற்கு முன் அனுமதி வேண்டும். ஆனால் எப்போதாவது செய்கின்ற இலக்கிய, கலை, விஞ்ஞான சம்பந்தமான வேலைக்கு, உத்தியோக வேலை கெடாத வரையில், அனுமதி தேவையில்லை என்று அதே விதியில் இருக்கிறது. 'எப்போதாவது' என்கின்ற வார்த்தையைக் கவனிக்கவும். வருடத்தில் ஒரு புத்தக அட்டை போடுவது வேறு. வீட்டு வாசலில் போர்டு மாட்டிக் கொள்ளுவது வேறு.

ஆதலால் முதல் காரியம், இன்றிரவு வீட்டுக்குப் போனவுடன் பெட்டியைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் படியுங்கள். தடை இல்லையென்றால் நல்லது. அனுமதி கேட்கச் சொல்லியிருந்தால் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். அடியோடு தடையென்றிருந்தால், அதை எதிர்த்துப் பேச நியாயம் உண்டு, சங்கம் வைத்துப் போராட நியாயம் உண்டு. ஆனால் ஒளிந்து ஒளிந்து செய்து கொண்டு, போன் மணி அடித்தாலெல்லாம் திடுக்கிட்டுப் பார்க்கும் பிழைப்பு மட்டும் வேண்டாம். திருடன் மாதிரி பயந்து பயந்து இருப்பதற்கா நாம் நேர்மையான தொழிலைக் கற்றுக் கொண்டோம்?

தோழர்களே! வெளிவேலையினால் சம்பள வேலையும் கெட்டுப் போகும், மனிதனும் உருப்படமாட்டான் என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு உதாரணம் சொல்லுகிறோம். வங்காளத்து சினிமா டைரக்டர் சத்தியஜித் ராய் அவர்களைத் தெரியாதவர் இரார். ஆனால் அவர் தொழிலால் முதலில் ஒரு டிசைனர் என்பது பலருக்குத் தெரியாது. 1943-ஆம் வருடத்தில் கல்கத்தாவில் டி.ஜே. கீமர் என்கின்ற வெள்ளைக்கார விளம்பரக் கம்பெனியில் மாதம் 80 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அதே கம்பெனியில் மேலதிகாரியாக இருந்த டி.கே. குப்தா என்பவர், அதே காலத்தில், சிக்னெட் பிரஸ் என்கின்ற பதிப்பகத்தை வெளியில் ஆரம்பித்தார். அதாவது மேலதிகாரியே வெளிவேலைக்காரர்! அவர் ராயைக் கூப்பிட்டு, எங்கள் புத்தகங்களுக்கு நீதான் அட்டை போட வேண்டும் என்றார். இவரும் பகலில் கம்பெனிக்கு விளம்பரமும், மற்ற நேரத்தில் பதிப்பகத்துக்கு அட்டையுமாகப் போட்டுக் கொண்டு வந்தார். நேரு எழுதிய 'டிஸ்கவரி ஆப் இந்தியா' புத்தகத்தின் முதல் பதிப்பு அங்கிருந்து வந்ததுதான். அதன் அட்டை ராய் போட்டது.

அந்த வெளிவேலையிலேயே ஒரு நாள், 'பதேர் பாஞ்சாலி' என்கின்ற நாவலைச் சிறுவர்களுக்காகச் சுருக்கிப் போட்ட புத்தகத்துக்குப் படம் வரையும்படி நேர்ந்தது. அந்தப் படங்களை வரைந்து கொண்டிருந்தபோதுதான் இதை சினிமாவாக எடுக்கலாம் என்கின்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. 1950-இல் கம்பெனியே அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கு சில மாதங்களில் சுமார் 100 சினிமாக்கள் பார்த்தார். திரும்பி வந்து 1952-இல் படம் பிடிக்க ஆரம்பித்தார். அப்போதும் வேலையை விடவில்லை. வாரம் முழுவதும் கம்பெனிக்கு உழைத்து, ஓய்வு நாளில் படம் எடுத்தார். பணம் தீர்ந்தது. இன்ஷூரன்ஸ் பாலிசியை வைத்துப் பணம் வாங்கினார், கிராமபோன் தட்டுகளை விற்றார், மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. இடையில் நின்று போய், கடைசியில் மேற்கு வங்க சர்க்கார் பணம் கொடுத்து, 1955-இல் படம் வெளிவந்தது. அது ஜெயித்த பிறகே கம்பெனியிலிருந்து விலகினார்.

இதைக் கேட்டவுடன், "ஆகா, நாமும் ஞாயிற்றுக்கிழமை தோறும் படம் எடுத்தால் ராய் ஆகி விடலாம்" என்று யாரும் கிளம்பி விட வேண்டாம். நாம் எடுத்துக்காட்டுவது இதுதான்: சம்பளம் அவருக்குச் சோறு போட்டது, வெளிவேலை அவருக்குத் தன் இஷ்டப்படி செய்து பார்க்க இடம் கொடுத்தது. பகலில் பிறர் சொன்னபடி பிஸ்கோத்துக்கும் டீத்தூளுக்கும் கோடு இழுத்துக் கொண்டிருக்கின்ற எந்த மனிதனுக்கும், தன் கையால் எதைச் செய்ய முடியும் என்று கண்டுபிடிக்க வேறு இடம் வேண்டியிருக்கிறது. டைம்ஸ் ஆப் இந்தியா பத்திரிகையில் கார்ட்டூன் போட்டுக் கொண்டிருந்த ஆர்.கே. லக்ஷ்மணும் 1954-இல் ஏஷியன் பெயிண்ட்ஸ் கம்பெனிக்கு 'கட்டு' என்கின்ற பொம்மைப் பையனை வரைந்து கொடுத்தார். பத்திரிகையும் விழுந்து விடவில்லை. அவர் கார்ட்டூனும் மங்கி விடவில்லை.

இனி, செய்யும் முறையைப் பற்றிச் சொல்லுவோம். இதில்தான் நம்மவர்களிடத்தில் மிகுந்த குழப்பம் இருக்கிறது.

ஆபீசின் கம்ப்யூட்டர் ஆபீசினுடையது. அதிலுள்ள கோரல் டிரா, போட்டோஷாப், எழுத்துருக்கள் எல்லாம் அவர்கள் பணம் கட்டி வாங்கியவை. மத்தியானம் சாப்பாட்டு நேரந்தானே என்று அதில் வெளிவேலையைத் திறப்பதும், ஆபீஸ் பிரிண்டரில் புரூப் எடுத்துப் பார்ப்பதும் சரியல்ல. முதலாளி நம்முடைய நேரத்தைத் திருடக்கூடாது என்று பேசுகின்ற வாய், நாமும் அவனுடைய சாமானைத் தொடக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டர் வைத்துக் கொண்டு, அதில் திருட்டு சாப்ட்வேர் போட்டுக் கொள்ளுகிறவர்களும் உண்டு. இங்க்ஸ்கேப், ஜிம்ப் என்று இனாமாகவே கிடைக்கின்ற சாமான்கள் இருக்கும்போது அதற்கு என்ன அவசியமோ தெரியவில்லை.

உரிமை விஷயத்தையும் தெரிந்து கொள்ள வேண்டும். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேலையின் ஊடே முதலாளிக்காகச் செய்து கொடுத்த படம், வேறு ஒப்பந்தம் இல்லாத வரையில், முதலாளிக்கே சொந்தம். ஆகவே வேலை நேரத்திலோ ஆபீஸ் கம்ப்யூட்டரிலோ வெளிவேலை செய்தால், பிற்காலத்தில் அதுவும் எங்களுடையதுதான் என்று முதலாளி கிளம்புவதற்கு நாமே வழி வெட்டிக் கொடுத்தவர்களாவோம். வெளிவேலையாகச் செய்த லோகோ முதலியவற்றின் உரிமையை வாடிக்கைக்காரருக்கு மாற்றிக் கொடுப்பதானால், அதை எழுத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றே சட்டம் எடுத்துக் கொள்ளும். எந்த தேசங்களுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று எடுத்துக் கொள்ளும். கடைக்காரர் போர்டில் பெயிண்ட் அடித்து முடித்த பிறகு சண்டை போட்டுக் கொள்ளுவதை விட, ஒரு பக்கக் காகிதத்தில் முன்னமேயே எழுதிக் கொள்ளுவது மேல்.

அடுத்து விலை. தோழர்களே, இதைச் சற்று அதிகமாகவே பேசப் போகிறோம்.

ஒரு தோழருக்கு மாதம் 30,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக் கொள்ளுவோம். 26 நாள், நாளொன்றுக்கு 8 மணி. மொத்தம் 208 மணி. மணிக்கு 144 ரூபாய் ஆகிறது. இதோடு அவருக்குப் பிராவிடண்ட் பண்டு, லீவு, மின்சாரம், கம்ப்யூட்டர் எல்லாம் ஆபீசில் சேர்ந்து கிடைக்கிறது. வெளிவேலையில் இவையெல்லாம் அவர் கைப்பொறுப்பு. ஆதலால் அங்கு மணிக்கு அதைப் போல் இரண்டு பங்காவது வாங்கினால்தான் சமமாகும். ஆனால் நடப்பது என்ன? ஒரு கடைக்காரர் 500 ரூபாய்க்கு லோகோ கேட்கிறார். இவர் ஒப்புக் கொள்ளுகிறார். மாதிரி மூன்று, திருத்தம் பதினொன்று, கடைக்காரரின் மைத்துனர் சொன்ன திருத்தம் நாலு என்று 20 மணி நேரம் போகிறது. மணிக்கு 25 ரூபாய்! பகலில் 144 ரூபாய் போதவில்லை என்று முதலாளியைத் திட்டிக் கொண்டிருக்கின்ற அதே மனிதர், இரவில் தானே தனக்கு முதலாளியாகி 25 ரூபாய் கொடுத்துக் கொள்ளுகிறார். இதைவிடக் கொடிய முதலாளி எங்கே இருக்கிறான்?

அமெரிக்காவில் 1971-ஆம் வருடத்தில் நைக்கி என்கின்ற செருப்புக் கம்பெனியின் அடையாளக் குறியை வரைந்து கொடுத்தவர் கரோலின் டேவிட்சன் என்கின்ற ஒரு மாணவி. அவர் வாங்கிய கூலி 35 டாலர். மணிக் கணக்குப் போட்டுத்தான் அவர் வாங்கினார். அந்த மணியில் அந்தக் குறி எவ்வளவு சம்பாதிக்கப் போகிறது என்பது அடங்கவில்லை. 12 வருடங்களுக்குப் பிறகு, 1983-இல், கம்பெனியார் கூப்பிட்டு ஒரு மோதிரமும் தங்கள் கம்பெனிப் பங்குகளும் கொடுத்தார்கள். கொடுத்தது நல்லதுதான். ஆனால் அவர்களாக மனமிரங்கிக் கொடுத்ததேயொழிய, அவர் கேட்டுப் பெறக்கூடிய பாத்தியதை அவர் கையில் இல்லை.

போட்டி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ரூபாய்க்கு அடையாளக் குறி வேண்டுமென்று 2009-இல் இந்திய சர்க்கார் போட்டி வைத்தார்கள். 3,000-க்கும் மேற்பட்ட குறிகள் வந்தன. நமது கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார் அவர்களுடைய குறி 2010-இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கிடைத்தது. நமக்கு மெத்தச் சந்தோஷமே. ஆனால் அனுப்பினவர்கள் கட்டணமும் கட்டி, இனாமாக வேலையும் செய்து விட்டுப் போனார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமல்லவா? சர்க்கார் விஷயம் எப்போதோ ஒரு முறை, போகட்டும். இன்று தெருவிலுள்ள ஜவுளிக்கடைக்காரர் கூட, "பத்துப் பேர் போட்டுக் கொண்டு வாருங்கள், பிடித்ததற்குப் பணம்" என்கிறார். அவரிடம், "பத்துப் புடவை எடுத்துப் போய் உடுத்திப் பார்க்கிறோம், பிடித்ததற்குப் பணம் கொடுக்கிறோம்" என்று கேட்டுப் பாருங்கள்.

இதில் நாம் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. சம்பளக்காரர் அடிமாட்டு விலைக்கு வெளிவேலை செய்தால் நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை. வேறு சம்பளமே இல்லாமல், வெளிவேலை ஒன்றையே நம்பி வாடகை கட்டிக் குழந்தைகளைப் படிக்க வைக்கின்றவர்கள் இருக்கிறார்கள். டி.டி.பி. கடை வைத்திருக்கும் பெண்கள், கைகால் முடியாமல் வீட்டிலிருந்தே வேலை செய்கின்றவர்கள் இருக்கிறார்கள். இவர் 500-க்குச் செய்வது சம்பளம் என்கின்ற முட்டு இருப்பதனால். அவர்களுக்கு அந்த முட்டு இல்லை. "அவர் 500-க்குச் செய்கிறாரே, உனக்கென்ன 4,000?" என்று வாடிக்கைக்காரர் அவர்களைக் கேட்கும்படி செய்தவர் யார்? சம்பளம் வாங்குகிறவர், வாங்காதவரை விட ஒரு காசு குறைத்துக் கூடச் செய்யக்கூடாது என்பது நமது உறுதியான அபிப்பிராயம். சில தோழர்கள் இதை ஒப்புக் கொள்ளமாட்டார்கள் என்பது தெரியும். பின்னால் தனியாகத் தர்க்கம் செய்து கொள்ளலாம்.

பிறகு உறவினர்கள் இருக்கிறார்கள். "நம்ம பையன்தானே, கம்ப்யூட்டரில் இரண்டு தட்டுத் தட்டினால் வந்து விடுமே" என்பார்கள். கல்யாணத்தில் பந்தல்காரருக்குப் பணம், சமையல்காரருக்குப் பணம், மேளத்துக்குப் பணம், ஒன்றும் புரியாமல் ஏதோ சொல்லி விட்டுப் போகிறவருக்குத் தட்சணை. இரவெல்லாம் விழித்து அழைப்பிதழ் போட்டவனுக்கு மட்டும் ஒரு லட்டு! இனாமாகச் செய்ய இஷ்டமிருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் செய்கிறபோது, இதன் கூலி இவ்வளவு, இதை நமது அன்பளிப்பாக வைத்துக் கொள்ளுங்கள் என்று பில்லில் எழுதிக் கொடுங்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. லோகோ முடிந்து வாடிக்கைக்காரரும் சந்தோஷப்பட்ட பிறகு, எண் சாஸ்திரக்காரர் ஒருவர் வந்து பெயரில் ஒரு எழுத்துக் கூட்ட வேண்டும் என்பார். வாஸ்துக்காரர் வந்து அம்புக்குறி வடகிழக்கைப் பார்க்க வேண்டும் என்பார். "நாம் பகுத்தறிவுக்காரர்களாயிற்றே, இதைச் செய்யலாமா?" என்று ஒரு தோழர் நம்மைக் கேட்டார். நாம் சொன்னோம்: எழுத்து அவருடையது, பெயர் அவருடையது, உமது அபிப்பிராயத்தை ஒரு முறை மரியாதையாகச் சொல்லி விடும். கேட்காவிட்டால், முதல் இரண்டு திருத்தங்களுக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறீரே, அந்தக் கணக்கில் சாஸ்திரத்தையும் சேர்த்து வாங்கும். இரண்டு மூன்று முறை பில் போன பிறகு அநேக சாஸ்திரங்கள் தாமாகவே அடங்கி விடுகின்றன.

பணத்தில் பாதியை முன்னால் வாங்குங்கள். மீதி வந்த பிறகு திறந்த பைலைக் கொடுங்கள். எந்தத் தேதியில் கொடுக்க முடியுமோ அந்தத் தேதியைச் சொல்லுங்கள். பகலில் போன் எடுக்கமாட்டேன், மாலை ஏழு மணிக்கு மேல்தான் பேசுவேன் என்று முதல் நாளே சொல்லி விடுங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட்டு, ஆபீஸ் கக்கூசில் நின்று கொண்டு வாடிக்கைக்காரரோடு இரகசியம் பேசுகிறவர்கள் அநேகர்.

தோழர்களே! இவ்வளவும் சொன்ன பிறகு அடிப்படையான கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. ஒரு மனிதன் எட்டு மணி நேரம் உழைத்த பிறகு மறுபடியும் நாலு மணி நேரம் ஏன் உழைக்கிறான்? சிலர் ஆசைக்காக, அதைப் பற்றிச் சொன்னோம். ஆனால் பெரும்பாலோர் சம்பளம் போதாமையினால். 1923-ஆம் வருடம் மே மாதம் முதல் தேதியன்று சென்னையில் தோழர் சிங்காரவேலர் அவர்கள், இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடினார். எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம் என்பதற்காக உலகத்தில் எத்தனை பேர் தடியடி பட்டார்கள், தூக்கில் தொங்கினார்கள்! அப்படி வாங்கிக் கொடுத்த எட்டு மணி ஓய்வை நாம் இப்போது மணி 25 ரூபாய்க்கு விற்றுக் கொண்டிருக்கிறோம். உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 2021-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வாரத்துக்கு 35 முதல் 40 மணி வேலை செய்கிறவரை விட, 55 மணியும் அதற்கு மேலும் வேலை செய்கிறவருக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவிகிதமும், இருதய நோயினால் சாகும் அபாயம் 17 சதவிகிதமும் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். ஆபீசில் 48 மணி உழைக்கிறவர் வாரத்துக்கு 7 மணி வெளிவேலை செய்தாலே அந்த 55 வந்து விடுகிறது. ஆகையால் வெளிவேலையைச் சம்பள உயர்வுக்குப் பதிலாக ஒப்புக் கொள்ளாதீர்கள். "உனக்குத்தான் வெளியில் வருகிறதே, இன்க்ரிமென்ட் எதற்கு?" என்று கேட்கின்ற முதலாளிகளும் உண்டு. வெளியில் வருவது நம் உறக்கத்தை விற்று வருவது. அதற்கும் அவருக்கும் சம்பந்தம் என்ன?

இன்னும் ஒன்று. ஆண்கள் இரவில் வெளிவேலை செய்கிறார்கள் என்றால், அந்த நேரத்தில் குழந்தையைத் தூங்க வைத்து, பாத்திரம் தேய்த்து, பத்தரை மணிக்குக் காப்பி போட்டுக் கொடுப்பது யார்? அந்த வெளிவேலையின் கூலியில் அவர்களுக்குப் பங்கு உண்டா? அந்தப் பெண்ணே ஒரு டிசைனராக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆபீஸ் ஒரு வேலை, வீடு ஒரு வேலை, அதற்கு மேல் வெளிவேலை மூன்றாவது. ஆண் வெளிவேலை செய்தால் 'உழைப்பாளி' என்கிறார்கள். பெண் செய்தால் 'வீட்டைக் கவனிப்பதில்லை' என்கிறார்கள். இங்கு வந்திருக்கின்ற ஆண் தோழர்கள், வாரத்தில் மூன்று இரவு அடுப்படியைத் தாங்கள் ஏற்றுக் கொண்டு, அந்த மூன்று இரவும் மனைவியைக் கம்ப்யூட்டர் முன் உட்கார விட்டுப் பாருங்கள். யாருடைய டிசைன் நன்றாயிருக்கிறது என்பது பிறகு தெரியும்.

இப்போது சில சீட்டுகள் வந்திருக்கின்றன. ஒரு தோழர் வரியைப் பற்றிக் கேட்கிறார். வெளிவேலை வருமானத்தையும் சம்பளத்தோடு சேர்த்து வருமான வரிக் கணக்கில் காட்டத்தான் வேண்டும். பணம் கொடுக்கின்ற கம்பெனி வரியைப் பிடித்துக் கொண்டு கொடுத்தால், கணக்குக் கொடுக்கும்போது அதைக் கழித்துக் கொள்ளலாம்; அதிகம் பிடித்திருந்தால் திரும்பி வரும். சரக்கு சேவை வரிக்குப் பதிவு செய்வது, உள்நாட்டு வாடிக்கைக்காரர்களிடம் இம்மாதிரி வேலை செய்து வருடத்தில் 20 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால்தான். சம்பளம் அதில் சேராது. அந்த 20 லட்சம் இங்குள்ள எல்லோருக்கும் சீக்கிரம் வரட்டும்.

இன்னொருவர், "வேலையை எப்போது விடலாம்?" என்று கேட்கிறார். ஒரு நல்ல மாதத்தைப் பார்த்து விட்டு விடாதீர்கள். வைகாசியில் கல்யாண அழைப்பிதழ் குவியும். ஆடியில் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். பன்னிரண்டு மாதத்தின் வருமானத்தைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அது வீட்டுச் செலவைத் தாங்குகிறதா என்று பாருங்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணமும் கையில் இருக்கட்டும்.

கடைசிச் சீட்டு. "எங்கள் ஆபீசில் ஒருவர் வெளிவேலை செய்கிறார். மானேஜரிடம் சொல்ல வேண்டுமா?" என்று பெயர் போடாமல் கேட்டிருக்கிறார். அவர் ஆபீஸ் சாமானைத் தொடாமல், உங்கள் தலையில் தம் வேலையைக் கட்டாமல் செய்கிறார் என்றால் உங்களுக்கு என்ன வந்தது? கட்டுகிறார் என்றால் முதலில் அவரிடமே நேரில் சொல்லுங்கள். அதற்கு முன், அவர் என்ன விலைக்குச் செய்கிறார் என்று கேளுங்கள். 500 ரூபாய்க்கு லோகோ என்றால், அவரை அடுத்த கூட்டத்துக்குக் கையோடு அழைத்து வாருங்கள்.

மணி ஒன்பதரை ஆகிறது. கடைசி பஸ்ஸுக்குப் போக வேண்டிய தோழர்கள் எழுந்திருக்கலாம். மற்றவர்கள் இருந்தால், ஒப்பந்தக் காகிதம் எப்படி எழுதுவது என்பதை இங்கேயே ஒரு மாதிரி எழுதிப் பார்த்து விடுவோம்.